நூறு கிலோவைத் தாண்டியவர் பழைய டர்ட் பைக்கின் சஸ்பென்ஷனைச் சரிசெய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கம் மேடும் கிடையாது, மலையும் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை தாம்பாளம் மாதிரி சமதரை. "இந்த ஊர்ல உனக்கு எதுக்குப்பா டர்ட் பைக்?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்கள் யாரும் சம்பா அறுவடை முடிந்த கையோடு வாய்க்கால் கரையில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள். பெல்ட் வைத்த அறுவடை மெஷினும் நெல் ஏற்றிய டிராக்டரும் ஈரக் கரையில் ஏறி இறங்கிப் போட்ட தடம், மாசி வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். முழங்கால் ஆழத்துக்குக்கூட இருக்கும். நடுவில் மதகு, வரப்பு, உடைந்த குழாய்ப் பாலம். மலைப்பாதையில் வருகிற அடி கண்ணுக்கு முன்னால் வரும். இங்கே அறுகம்புல்லுக்குள் ஒளிந்திருந்து வரும்.

விதை நெல் வயல்களைச் சுற்றிப் பார்ப்பது என் வேலை. என் எடை 104 கிலோ. பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப் பையோடு 111. வண்டி 2012 மாடல் ஹீரோ இம்பல்ஸ், இரண்டாம் கையாக வாங்கியது. 2011-ல் வந்த 149.2 சிசி வண்டி, முன்னால் 19 அங்குலச் சக்கரம், பின்னால் 17. இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. பின் ஷாக்கை முந்தைய ஓனர் மாற்றி, மரை காலர் (ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் சுற்றுகிற வளையம்) உள்ள ஒன்றைப் போட்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் சராசரி எடையுள்ள ஆளுக்குத்தான் கணக்குப் போட முடியும், என் உடம்புக்குப் போடவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

கீழே சொல்கிற எண்கள் என் வண்டியில் டேப்பும் வெர்னியரும் வைத்து அளந்தவை. உங்கள் வண்டியில் எண் மாறும், முறை மாறாது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கை

பின்னால் அடி தட்டுகிறது, அதாவது சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்கி முட்டுகிறது என்று பட்டறையில் சொன்னால் கிடைக்கிற முதல் பதில்: "காலரை ரெண்டு சுத்து டைட் பண்ணிட்டா கெட்டியாயிடும் தம்பி." இது தப்பு. காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகாது. 7 கிலோ வைத்தால் 1 மி.மீ. அமுங்குகிற ஸ்பிரிங், எத்தனை சுற்று இறுக்கினாலும் அடுத்த 1 மி.மீ.க்கு அதே 7 கிலோதான் கேட்கும். இறுக்கும்போது மாறுவது வண்டி நிற்கிற உயரம் மட்டும். இப்படி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பதற்குப் பெயர் ப்ரீலோட். நான் இது புரியாமல் ஒரு வருடம் காலரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வண்டி சின்னப் பள்ளத்தில் இடுப்பை உடைத்தது, பெரிய பள்ளத்தில் வழக்கம்போல அடி தட்டியது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

அளப்பதற்கு முன்

ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், வீல் பேரிங், ஹேண்டில் கோன் செட் மூன்றையும் பாருங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து இடமும் வலமும் ஆட்டினால் 'டொக்' என்று சத்தம் வந்தால், அதைச் சரிசெய்யாமல் சஸ்பென்ஷனில் கை வைப்பது வீண். டயர் காற்றையும் எப்போதும் ஓட்டுகிற அளவுக்கு வையுங்கள்.

அப்புறம் உங்களை எடை போடுங்கள். வீட்டுக் கண்ணாடித் தராசு வேண்டாம். அரிசி மில்லிலோ உரக்கடையிலோ மூட்டை நிறுக்கும் தராசில், முழு உடுப்போடு, பையோடு ஏறுங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இறக்கத்தை அளப்பது

வேலையின் பாதி இதுதான், அவசரப்படாதீர்கள். ஸ்பிரிங் மேல் வண்டி எவ்வளவு உட்காருகிறது என்பதை நான் இறக்கம் என்று சொல்கிறேன். வண்டி தன் சொந்த எடையில் உட்காருவது வண்டி இறக்கம். நீங்கள் ஏறியபின் மொத்தமாக உட்காருவது ஆள் இறக்கம்.

பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, சைடு பேனலில் ஒரு டேப் துண்டை ஒட்டிக் கோடு போடுங்கள். ஆக்சில் நடுவிலிருந்து அந்தக் கோடு வரை மூன்று முறை அளக்க வேண்டும். ஒன்று, பின் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி வைத்து. இரண்டு, வண்டி தன் காலில், ஸ்டாண்ட் இல்லாமல். மூன்று, முழு உடுப்போடு நீங்கள் ஏறி, ஓட்டுகிறபடி உட்கார்ந்து. மூன்றாவதற்கு இரண்டு பேர் துணை வேண்டும்: ஒருவர் ஹேண்டிலை நிமிர்த்திப் பிடிக்க, ஒருவர் அளக்க.

சீல்களும் புஷ்களும் பிடித்துக்கொள்வதால் ஒரே அளவு இரண்டு முறை வராது. இரண்டாவது, மூன்றாவது அளவுகளில் வண்டியை ஒருமுறை அமுக்கி மெதுவாக விட்டு அளங்கள். ஒருமுறை சற்றே தூக்கி மெதுவாக விட்டு அளங்கள். இரண்டுக்கும் நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்தவை: தூக்கி வைத்து 560 மி.மீ., வண்டி மட்டும் 542, நான் ஏறியபின் 498. வண்டி இறக்கம் 18, ஆள் இறக்கம் 62. என் வண்டியில் பின் சக்கரம் மேலும் கீழுமாக மொத்தம் சுமார் 150 மி.மீ. பயணிக்கும். அதில் 62 போய்விட்டால் நூற்றுக்கு 41 பங்கு நான் உட்கார்ந்ததிலேயே தீர்ந்தது. மீதி 88-ல்தான் பள்ளம், மதகு எல்லாம்.

ஆள் இறக்கம் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வண்டி இறக்கம் பத்தில் ஒரு பங்கு. 300 மி.மீ. பயணம் உள்ள பெரிய மோட்டோகிராஸ் வண்டிகளில் பின் ஆள் இறக்கம் 100 மி.மீ. அளவிலும் வண்டி இறக்கம் 30 முதல் 40 வரையும் வைப்பது வழக்கம். என் 150-க்கு 48 முதல் 50, வண்டி இறக்கம் 15.

இப்போது அந்த வேடிக்கையைப் பாருங்கள். காலரை 5 மி.மீ. சொச்சம் இறுக்கி ஆள் இறக்கத்தை 50-க்குக் கொண்டுவந்தேன். வண்டி இறக்கம் 6-க்கு வந்துவிட்டது. முன்பு 62-க்கும் 18-க்கும் வித்தியாசம் 44. இப்போது 50-க்கும் 6-க்கும் வித்தியாசம், அதே 44. காலர் இரண்டு எண்களையும் சேர்த்து நகர்த்துகிறதே தவிர, நடுவில் உள்ள இடைவெளியைத் தொடுவதில்லை. அந்த இடைவெளி உங்கள் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள கணக்கு.

ஆகவே ஆள் இறக்கம் சரியாக வந்தும் வண்டி இறக்கம் ரொம்பக் குறைவாக இருந்தால் உங்கள் ஸ்பிரிங் மெலிசு. நிறைய பேர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்: வண்டி மேலேயே நிற்கிறதே, ஸ்பிரிங் கெட்டிதான் என்று. மெலிந்த ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் அது மேலே நிற்கிறது.

எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங்?

என்னிடம் உள்ள வித்தியாசம் 44. வேண்டியது 48-லிருந்து 15 போக 33. நாற்பத்து நாலை முப்பத்து மூன்றால் வகுத்தால் 1.33. இப்போதுள்ள ஸ்பிரிங்கைப்போல 1.33 மடங்கு கெட்டியானது வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பின் ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே லிங்க் (இணைப்புக் கை) உள்ள வண்டி, இல்லாத வண்டி இரண்டுக்கும் முதல் தேர்வுக்கு இது போதும்.

பழைய ஸ்பிரிங்கின் கெட்டித்தனம் தெரியாவிட்டால் மூன்று அளவுகள் எடுங்கள்: கம்பித் தடிமன், சுருளின் உள் விட்டம், வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கை. இரண்டு முனையிலும் தட்டையாகப் படிந்திருக்கும் சுருள்களை எண்ணக்கூடாது. என்னுடையது 11 மி.மீ. கம்பி, உள் விட்டம் 56, வேலை செய்பவை 7 சுருள். சூத்திரத்தில் போட்டால் 1 மி.மீ.க்கு ஏறக்குறைய 7 கிலோ. சூத்திரம் இதுதான்: கம்பித் தடிமனை நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, எஃகுக்கான 79,000-ஆல் பெருக்க வேண்டும். அதை 8, அதேபோல மூன்று முறை எழுதிய சுருளின் நடு விட்டம், வேலை செய்யும் சுருள் எண்ணிக்கை எல்லாவற்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். வருவது நியூட்டன், 9.8-ஆல் வகுத்தால் கிலோ. நடு விட்டம் என்பது உள் விட்டமும் ஒரு கம்பித் தடிமனும் சேர்ந்தது, எனக்கு 67.

நான்கு முறை பெருக்குவதால் கம்பி 1 மி.மீ. தடித்தாலே உலகம் மாறிவிடும். அதே உள் விட்டம், அதே 7 சுருள், கம்பி மட்டும் 12 என்று போட்டுப் பார்த்தேன்: 9.5 கிலோ, அதாவது 1.35 மடங்கு. அளந்து தைத்த மாதிரி வந்தது.

கவனம் தேவைப்படுகிற இடம் ஒன்று உண்டு. கம்பி தடிக்கும்போது ஸ்பிரிங் முழுதாக அமுங்கிச் சுருளோடு சுருள் ஒட்டும் நீளமும் கூடும். எனக்கு மொத்தம் 9 சுருள். 11 கம்பியில் 99 மி.மீ., 12-ல் 108. ஸ்பிரிங்கின் முழு நீளம் 205. ஷாக் ராடு உள்ளே போகும் தூரம் 67, ப்ரீலோட் 5. இரண்டையும் கழித்தால் 133. 108-க்கு மேலே 25 மி.மீ. மிச்சம் இருப்பதால் பயமில்லை. இந்தக் கழித்தலைப் போடாமல் தடித்த ஸ்பிரிங்கைப் போட்டால், பெரிய அடியில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி ஷாக்கை மாட்டுகிற கண்ணையே பிய்த்துவிடும்.

ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்? வேறு வண்டிகளின் ஸ்பிரிங்குகளில் உள் விட்டமும் நீளமும் ஒத்துவருவதைத் தேடலாம். பழைய சாமான் கடையில் வெர்னியரோடு உட்கார்ந்தால் ஒரு மதியம் போகும். இல்லாவிட்டால் அம்பத்தூர், கோவை பக்கம் அளவு கொடுத்தால் சுற்றித் தருகிற ஸ்பிரிங் பட்டறைகள் இருக்கின்றன. வரைபடத்தில் கம்பி, உள் விட்டம், மொத்தச் சுருள், வேலை செய்யும் சுருள், முழு நீளம், முனை தட்டையாக அரைத்தது என்று ஆறும் எழுதிக் கொடுங்கள். "இதைவிடக் கொஞ்சம் கெட்டியா" என்று வாயால் சொன்னால் கொஞ்சம் கெட்டியாகத்தான் வரும், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பின் ஷாக்கை மாட்டுவது

ஸ்பிரிங்கைக் கழற்ற ஸ்பிரிங் கம்ப்ரசரோ லேத் பட்டறையின் பிரஸ்ஸோ வேண்டும். கயிறு, செயின், கார்கோ பெல்ட் என்று வித்தை காட்டாதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் தாடை போகும்.

ஷாக்குக்கு உள்ளே நைட்ரஜன் அழுத்தம் இருந்தால் அந்த உருளையை வீட்டில் திறக்கவே கூடாது. ஆயில் கசிவு இருந்தாலோ, ராடை அமுக்கி விட்டால் தடையே இல்லாமல் சட்டென்று திரும்பினாலோ, ஷாக் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து ஆயில், சீல், கேஸ் மூன்றையும் புதுப்பியுங்கள். கெட்டியான ஸ்பிரிங் அமுங்கிய பின் அதிக வேகத்தில் திருப்பித் தள்ளும், அதைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் ஆயில்தான். ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்பும் வேகத்தைத் தடுப்பது) திருகு இருந்தால் பழைய இடத்திலிருந்து இரண்டு கிளிக் மூடி ஆரம்பியுங்கள். நான் முதலில் ஷாக்கைக் கொடுத்த ஒரு பட்டறையில் வெளியே பெயின்ட் அடித்து, உள்ளே ஒன்றும் தொடாமல் திருப்பித் தந்தார்கள். அதிலிருந்து பழைய சீலைக் கேட்டு வாங்கிக்கொள்வது என் வழக்கம்.

மாட்டியதும் திரும்ப அளந்தேன்: வண்டி இறக்கம் 15, ஆள் இறக்கம் 48.

முன் ஃபோர்க்

பின்னால் கெட்டியாக்கிவிட்டு முன்னால் சும்மா விட்டால் வண்டி மூக்கு குத்தி நிற்கும். மணலில் ஹேண்டில் பிடுங்கும். ஆனால் உட்கார்ந்து ஓட்டும் ஆளின் எடை பெரும்பாலும் பின்னால்தான் விழும். அதனால் முன்னால் அதே 1.33 தேவைப்படாது. முன் ஆள் இறக்கம் பயணத்தில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை போதும். என் ஃபோர்க்கின் பயணம் சுமார் 165. ஆள் இறக்கம் 58 இருந்தது, குறிவைத்தது 46.

புது ஸ்பிரிங் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெட்டலாம். ஸ்பிரிங்கை வெட்டினால் மெலியும் என்று நினைப்பவர்கள் உண்டு, உண்மையில் சுருள் குறையக் குறையக் கெட்டியாகும். என்னுடையதில் 40 வேலை செய்யும் சுருள்கள். 6 வெட்டினால் 34. நாற்பதை முப்பத்து நாலால் வகுத்தால் 1.18 மடங்கு. இங்கேயும் அந்த முட்டும் கணக்கு உண்டு. வெட்டும் முன் சுருள்களுக்கிடையே இருந்த மொத்த இடைவெளி 240 மி.மீ., வெட்டியபின் 204. எனக்கு வேண்டியது பயணம் 165, ப்ரீலோட் 12, ஆக 177. தப்பியது. ஆசைப்பட்டு 11 சுருள் வெட்டியிருந்தால் 174-தான் மிஞ்சும், முட்டியிருக்கும். கட்டிங் வீலால் வெட்டுங்கள், கேஸ் வெல்டிங் தீ வேண்டாம். சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் செத்துவிடும். வெட்டிய முனையைத் தட்டையாக அரைத்து, வாஷர் வைத்து மேல் பக்கமாகப் போடுங்கள்.

வெட்டியதில் குறைந்த நீளத்தை நிரப்ப ஸ்பேசர் வேண்டும். டெல்டாவில் இதற்குப் பஞ்சமே இல்லை, எல்லார் வீட்டுக் கொல்லையிலும் பி.வி.சி. பைப் துண்டு கிடக்கும். கனமான சுவருள்ள குழாய், ஃபோர்க் டியூபுக்குள் உரசாமல் போகிற விட்டம், இரண்டு முனையிலும் இரும்பு வாஷர். மைட்டர் பெட்டியில் வைத்து நேராக அறுங்கள், கோணலாக இருந்தால் ஸ்பிரிங் சாய்ந்து டியூபை உரசும். மூடியை மூடும்போது எத்தனை மி.மீ. அமுக்கி மூடுகிறீர்களோ அதுதான் ப்ரீலோட்.

அடுத்தது ஆயில். பழைய ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள். என்னுடையது வண்டல் கரைத்த தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் வந்தது, அடியில் மினுமினுப்பு. ஃபோர்க்கை முழுக்கக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, சீல் இரண்டையும் மாற்றுங்கள்.

இந்தப் பழைய ஃபோர்க்குகளில் டேம்பிங், அதாவது அசைவை மட்டுப்படுத்தும் தடை என்பது ஒரு குழாயில் போட்ட சில துளைகள், வேறொன்றும் இல்லை. ஆயில் தடித்தால் அமுங்குவதும் திரும்புவதும் இரண்டுமே மந்தமாகும். ஆகவே ஒரேயடியாகத் தாவாதீர்கள். முன்பு இருந்த ஆயிலின் தடிப்பு எண் 10 டபிள்யூ என்றால் 10-ம் 15-ம் பாதிப்பாதி கலந்து ஆரம்பியுங்கள். எஞ்சின் ஆயில் கூடாது. மே மாத வெயிலில் எல்லா ஆயிலும் கொஞ்சம் இளகும், அதனால் மார்கழிக் காலையில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

ஆயில் மட்டம்தான் கனமான ஆளின் ரகசிய ஆயுதம். ஆயிலுக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்; ஃபோர்க் கடைசிவரை அமுங்கும்போதுதான் அது பலமாக எதிர்க்கும். காற்று இடத்தைக் குறைத்தால் சின்னக் குழியில் வித்தியாசம் தெரியாது, மதகிலிருந்து இறங்கும்போது அடி தட்டாது. அளக்கும் விதம்: ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை நிமிர்த்தி முழுக்க அமுக்கி, பத்துப் பன்னிரண்டு முறை பம்ப் செய்து குமிழிகள் போனபின், டியூபின் விளிம்பிலிருந்து ஆயில் வரை. மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்சும் ஒரு துண்டு டிரிப் குழாயும் வாங்குங்கள். குழாயில் வேண்டிய ஆழத்தில் குறி போட்டு இறக்கி, அதிகப்படியான ஆயிலை உறிஞ்சி எடுத்தால் இரண்டு கால்களிலும் ஒரே மட்டம் வரும். மேனுவல் சொல்லும் மட்டத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு தடவைக்கு 5 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். மொத்தம் 15-க்கு மேல் போகாதீர்கள். அதிகமானால் சீல் பிதுங்கும். நான் 10-ல் நிறுத்திக்கொண்டேன்.

ஓட்டிப் பார்ப்பது

தினமும் போகிற ஒரு கிலோமீட்டர் கரையைத் தேர்ந்தெடுங்கள். குடமுருட்டிக் கரையில் எனக்கு ஒரு துண்டு இருக்கிறது: ஆரம்பத்தில் டிராக்டர் தடம், நடுவில் மூன்று வரப்பு, முடிவில் ஒரு மதகு. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு மாற்றம், நோட்டில் எழுதிவிட்டு அடுத்தது. வரப்பு தாண்டியதும் பின்பக்கம் உதைத்துத் தூக்கினால் ரீபவுண்ட் போதவில்லை. தொடர்ந்து வரும் சின்னக் குழிகளில் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து கெட்டியாகிக்கொண்டே போனால் ரீபவுண்ட் கூடிவிட்டது. ஃபோர்க் எவ்வளவு உபயோகமாகிறது என்று பார்க்க, முன் டியூபில் ஒரு ஜிப் டையை (பிளாஸ்டிக் கட்டுப் பட்டையை) இலேசாகக் கட்டிவிடுங்கள். ஒரு சுற்றில் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் நிஜம்.

கொள்ளிடத்து மணலில் ஓட்டுபவர்கள் பின் ஆள் இறக்கத்தை 3, 4 மி.மீ. கூட வைத்துக்கொள்ளலாம், முன்சக்கரம் மணலில் புதைவது குறையும். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஆற்றுக்குள் இறங்கும் பேச்சே வேண்டாம்.

செயினையும் பாருங்கள். பின்பக்கம் உயர்ந்ததால் செயின் தொய்வு மாறியிருக்கும். மூன்று பேர் ஏறி அமுக்கி, ஸ்விங் ஆர்ம் மரை, பின் ஆக்சில், முன் பல்சக்கரம் மூன்றும் நேர்கோட்டில் வரும்போதும் செயினில் ஒரு விரல் ஆட்டம் இருக்க வேண்டும்.

சேறுதான் இங்கே சீலின் எமன். ஃபோர்க் டியூபில் காய்ந்த வண்டல் உப்புக் காகிதம் மாதிரி சீலை அரைக்கும். நடவுக் காலத்தில் வீடு திரும்பியதும் டியூபை ஈரத் துணியால் துடையுங்கள். கசிய ஆரம்பித்தால் உடனே சீலை மாற்ற வேண்டியதில்லை. பழைய எக்ஸ்ரே படத்தைக் கொக்கி மாதிரி வெட்டி, சீல் உதட்டுக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றினால் மாட்டியிருந்த மண் வந்துவிடும், பாதி நேரம் கசிவும் நிற்கும். வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இருப்பவர்கள் ஃபோர்க் டியூபுக்கு ரப்பர் பூட்ஸ் (மூடும் உறை) போடுவது நல்லது. அங்கே குரோம் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும்.

500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா இறக்கத்தையும் மறுபடி அளங்கள். புது ஸ்பிரிங் ஒன்றிரண்டு மி.மீ. படியும். காலரின் லாக் நட்டையும் அப்போதே இறுக்கிவிடுங்கள்.

கடைசியாக, மூட்டை. இங்கே எந்த வண்டியும் ஒரு நாளாவது யூரியா மூட்டை சுமக்காமல் தப்ப முடியாது. இப்போது வருகிற யூரியா மூட்டை 45 கிலோ. பின்னால் வைத்துக் கட்டினால் என் வண்டியில் ஆள் இறக்கம் 20 மி.மீ. கூடுகிறது. காலரை 3 சுற்று இறுக்கினால் அதில் பாதி திரும்பக் கிடைக்கும், மீதிக்கு மெதுவாகப் போக வேண்டியதுதான். மூட்டையை இறக்கிய கையோடு அந்த 3 சுற்றையும் திரும்ப எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், "யார்டா என் வண்டியத் தொட்டது" என்று மறுநாள் முழுக்க வீட்டில் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.